படத்தை மட்டும் காட்டினால் போதாது: வடிவமைப்பாளர் வேலை தேடுவோருக்கு

மதுரையில் ஒரு டிடிபி மையத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் கடைத் திறப்பு நோட்டீசுக்கும் எழுத்துக் கோத்துத்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். இப்போது சென்னையில் சிறிய வடிவமைப்புக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாக அந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது. விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் வராமல் காத்திருந்த அனுபவமும், வந்த விண்ணப்பங்களைப் பாதியில் மூடிவிட்டு அடுத்ததற்குப் போன அனுபவமும் எனக்கு உண்டு. பின்னதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான், முன்னதில் நான் செய்த தவறுகள் எனக்கே புரிந்தன.

விண்ணப்பங்கள் எப்படிப் பார்க்கப்படுகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்துக்கு அறிவிப்பு வெளியிட்டால் ஒரு வாரத்துக்குள் எண்பது, நூறு விண்ணப்பங்கள் எங்களுக்கு வந்து சேர்கின்றன. அவற்றைப் படிப்பதற்கென்று யாரும் எனக்குத் தனியாக நேரம் ஒதுக்கித் தருவதில்லை; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ, மாலையில் மெட்ரோவில் வீடு திரும்பும்போது கைப்பேசியிலோதான் பார்க்கிறேன். ஒருவருக்கு இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று நிமிடம் கிடைக்கும். இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் பல இடங்களிலும் நடைமுறை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் நான் தேடுவது அழகை அல்ல. ஆயத்த வார்ப்புருக்களும், சொன்னதும் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்த பிறகு அழகான படம் எல்லோரிடமும் இருக்கிறது. இந்த ஆள் எதை முடிவு செய்தார், ஏன் அப்படி முடிவு செய்தார், அதனால் என்ன ஆயிற்று என்பதற்கு ஏதாவது தடயம் கிடைக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

எந்த வேலை என்பதை முதலில் தீர்மானியுங்கள்

'டிசைனர்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வேலைகள் இருக்கின்றன. சிவகாசியில் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் வடிவம் செய்பவரிடம் அச்சகம் எதிர்பார்ப்பது, நான்கு வண்ணப் பிரிப்பு, வெட்டும்போது போவதற்காக ஓரத்தில் விட வேண்டிய 3 மில்லிமீட்டர் பிளீட், 300 டிபிஐ படம், கறுப்பு எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் வைப்பது போன்ற விஷயங்களில் கை பழகியிருக்க வேண்டும் என்பதை. திருப்பூரில் ஆடைகளுக்கு பிரின்ட் செய்பவரிடம் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்ளும் ரிப்பீட் கோலத்தைக் கேட்பார்கள். சென்னையின் மென்பொருள் நிறுவனம், திரைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பயனர் எங்கே தடுமாறுவார் என்று யோசிக்கத் தெரிந்தவரைத் தேடும். விளம்பர ஏஜென்சியோ, காலையில் வந்த பிரீஃபுக்கு (வாடிக்கையாளரின் தேவைக் குறிப்புக்கு) மாலைக்குள் மூன்று விதமாகக் காட்டக்கூடியவர் வேண்டும் என்று சொல்லும்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பை, அனுப்புவது, எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் கொடுப்பதைப் போன்றது. லோகோ, ஃப்ளெக்ஸ், கல்யாண ஆல்பம், செயலித் திரை, யூடியூப் தம்ப்நெயில் என எல்லாவற்றையும் கலந்து போட்டால் பல திறமைகள் இருப்பதாகத் தோன்றும் என்று அனுப்புகிறவர் நினைக்கிறார். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறோம் என்றே இவருக்குத் தெரியவில்லை என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றுகிறது. நீங்கள் உண்மையிலேயே இரண்டு துறைகளில் வேலை செய்திருந்தால் இரண்டு தொகுப்புகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கூடுதலாக ஒரு மாலைப் பொழுதுதான் செலவாகும்.

போர்ட்ஃபோலியோ: எண்ணிக்கையைக் குறையுங்கள், பேச்சைக் கூட்டுங்கள்

நான்கிலிருந்து ஆறு வேலைகள் போதும். இருபது வேலைகளை வைத்தால் பார்ப்பவர் அவற்றில் மிக நல்லதைப் பார்த்துவிட்டுப் போவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. கல்லூரியில் முதலாண்டில் செய்த சுவரொட்டியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக்கூடும். மிக நல்லதை முதலில் வையுங்கள், இரண்டாவது நல்லதைக் கடைசியில் வையுங்கள். இடையில் இருப்பவற்றைப் பற்றி, "இதை ஏன் வைத்தாய்?" என்று ஒரு நண்பர் கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாத எதையும் எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் அதன் கதையை எழுதுங்கள். கதை என்றால், 'பயனர்களுடன் பேசினோம், சிக்கலை வரையறுத்தோம், யோசனைகளைத் திரட்டினோம்' என்று பாடப்புத்தகப் படிநிலைகளை வரிசையாக அடுக்குவது அல்ல. அப்படிப்பட்ட பக்கங்களில் நிறுவனத்தின் பெயரை மாற்றிவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. அந்த வேலையில் மட்டுமே நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

எனக்கு வந்த விண்ணப்பங்களில் இன்றும் நினைவில் நிற்கும் ஒன்றைச் சொல்கிறேன். திருச்சியில் ஸ்கேன் மையம் ஒன்றுக்காக, நோயாளிகள் தங்கள் அறிக்கையைக் கைப்பேசியில் பெற்றுக்கொள்ளும் பக்கத்தை ஒரு பெண் தமிழில் அமைத்திருந்தார். முதல் வடிவத்தில் பொத்தானின் மீது 'பதிவிறக்கம் செய்யவும்' என்று இருந்தது. விலை குறைந்த கைப்பேசியின் குறுகிய திரையில் அந்த வாசகம் இரண்டு வரியாக உடைந்து, கீழ் வரி பொத்தானுக்கு வெளியே தொங்கியது. எழுத்தின் அளவை 16-இலிருந்து 12-ஆகக் குறைத்தார்; வாசகம் உள்ளே அடங்கியது. ஆனால் காத்திருப்பு அறையில் இருந்த ஐந்து பேரிடம் கைப்பேசியைக் கொடுத்து அறிக்கையை எடுக்கச் சொன்னபோது, வயதான இருவர் பொத்தானை விட்டுவிட்டு மேலே இருந்த மையத்தின் லோகோவை அழுத்தினார்கள், ஏனென்றால் பக்கத்தில் அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதன்பிறகு அவர் எழுத்தை மறுபடி 16-ஆக்கி, வாசகத்தை 'அறிக்கையைப் பெறுக' என்று மாற்றி, பொத்தானைத் திரையின் முழு அகலத்துக்கும் விரித்து, லோகோவைச் சிறியதாக்கி ஓரத்துக்குத் தள்ளினார். மூன்று வடிவங்களின் படமும் அருகருகே இருந்தன. அவற்றின் கீழே மொத்தம் எட்டு வரி இருந்தது. கடைசி வடிவம் அப்படியொன்றும் கண்ணைப் பறிக்கும் அழகு இல்லை. ஆனால் இவர் வேலையை எப்படிச் செய்வார் என்பது எனக்கு அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அன்று மாலையே நேர்காணலுக்கு அழைத்தேன்.

தவறிய வடிவத்தைக் காட்டலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். அவசியம் காட்டுங்கள், ஆனால் அது ஏன் தவறியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிந்த படத்தை மட்டும் காட்டினால், அது உங்கள் யோசனையில் வந்ததா, மேலதிகாரி சொன்னபடி வந்ததா, வார்ப்புருவிலிருந்து வந்ததா என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

ஒரு வடிவத்தோடு அதன் காரணமும் சேர்ந்து நிற்பது எப்படி இருக்கும் என்பதற்கு நம் சட்டைப் பையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் பிறந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்து, பின்னர் மும்பை ஐஐடியின் வடிவமைப்பு மையத்தில் தமிழ் எழுத்துருவியலில் ஆய்வு செய்த உதயகுமார் உருவாக்கிய ரூபாய்க் குறியை, மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றுக்கொண்டது. போட்டிக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குறிகள் வந்திருந்தன. தேவநாகரி 'ர'வும், நெடுங்கோட்டை நீக்கிய ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றில் ஒன்று பொருந்துகின்றன, மேலே உள்ள இணைகோடுகளும் இடைவெளியும் மூவர்ணக் கொடியை நினைவூட்டுகின்றன என்று, அந்தக் குறியை இரண்டு வாக்கியத்தில் யாருக்கும் விளக்கிவிட முடியும். உங்கள் வேலை ஒவ்வொன்றுக்கும் அப்படி இரண்டு வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்றோ, அதைத் தொகுப்பில் வைக்க வேண்டாம் என்றோ பொருள்.

காட்டுவதற்கு உண்மையான வேலை எதுவும் இல்லாத புதியவர்கள், பெரிய செயலிகளை மறுவடிவமைப்புச் செய்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. உணவு கொண்டுவரும் செயலி, பாட்டுக் கேட்கும் செயலி என்று ஒரே செயலியின் மறுவடிவத்தை ஒரே வாரத்தில் ஐந்து பேரிடம் பார்த்திருக்கிறேன். அந்த நிறுவனங்களின் உள்விவரம் எதுவும் தெரியாமல் வண்ணத்தையும் ஐகானையும் மாற்றியிருப்பதால் அவற்றிலிருந்து எதையும் அறிய முடிவதில்லை. அதைவிட உங்கள் தெருமுனை மருந்துக்கடையின் ரசீது, பால் கூட்டுறவுச் சங்கத்தின் அளவுச் சீட்டு, ஊர்க் கோயில் திருவிழாவின் நிகழ்ச்சி நிரல், பேருந்து நிலையத்தின் நேர அட்டவணை என்று ஒன்றை எடுங்கள். அதைப் பயன்படுத்துகிறவர்கள் உங்கள் கண்முன்னே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கலாம், செய்து கொடுத்துப் பார்க்கலாம், அவர்கள் அதை ஒதுக்கிவிட்டால் ஏன் ஒதுக்கினார்கள் என்று எழுதலாம்.

தமிழ் எழுத்தோடு வேலை செய்யத் தெரியும் என்றால் அதை ஒளித்து வைக்காதீர்கள். இது தங்கள் பலம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்துக்கென்று அமைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல் வரியின் 'ழு'வும் 'ஞூ'வும் தொங்கிக் கீழ் வரியின் 'கீ'யின் சுழியில் மோதும் என்பதும், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை யூனிகோடு எழுத்துருவுக்கு அப்படியே மாற்றினால் ரோமன் எழுத்துக் குப்பையாகிவிடும் என்பதும், தமிழ் வாசகங்களுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும் என்பதும், ஆங்கிலத்தில் மட்டுமே வேலை செய்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. மறுபக்கம், மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டதால் 'கொ' என்பது கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்து நிற்கும் சுவரொட்டியைத் தமிழரே தம் தொகுப்பில் வைத்திருப்பதையும் பார்க்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படித்திருந்தால் தெரிந்திருக்கும். ஒற்றுப்பிழைக்கும் இதே கதிதான்: எழுத்தைக் கையாள்வதையே தொழிலாகக் கொண்டவர் தம் சொந்தப் பக்கத்தில் எழுத்துப் பிழை விட்டால் அதற்குச் சமாதானமே கிடையாது.

எந்த இடத்தில் வைப்பது என்பது இரண்டாம் பட்சம். பிஹான்ஸ், டிரிபிள் போன்ற வடிவமைப்பாளர் தளங்கள், சொந்த இணையதளம், ஃபிக்மா மென்பொருளில் ஒரு கோப்பு, பிடிஎஃப் என எதுவாக இருந்தாலும் கைப்பேசியில் திறக்க வேண்டும், உள்நுழைவு கேட்கக் கூடாது. அனுப்புவதற்கு முன், நீங்கள் உள்நுழைந்திராத வேறொருவர் கைப்பேசியில் சுட்டியைத் திறந்து பாருங்கள். 'அனுமதி கோருக' என்ற திரையைப் பார்த்துவிட்டு மூடிய விண்ணப்பங்கள் என் கணக்கில் ஏராளம். அவர்களில் நல்ல வடிவமைப்பாளர்களும் இருந்திருப்பார்கள்.

யாருடைய வேலை, யாருடைய உரிமை

குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்பதைத் திட்டவட்டமாக எழுதுங்கள். "லோகோ வேறொருவர் செய்தது, வண்ணத் திட்டமும் பெட்டியின் பின்பக்க அமைப்பும் என்னுடையவை" என்று எழுதுவதால் உங்கள் மதிப்பு குறையாது. எழுதாமல் விட்டால் ஒருநாள் குறைந்துவிடும், ஏனென்றால் இந்தத் தொழிலில் ஊர் சிறியது. ஒரே பிஸ்கட் உறையைத் தம் வேலை என்று சொல்லி இரண்டு பேர் ஒரே மாதத்தில் எனக்கு அனுப்பியதுண்டு. இருவரும் அதில் வேலை செய்தவர்கள்தான். எந்தப் பகுதி என்று இருவருமே எழுதவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, ஊழியர் தம் வேலையின் பகுதியாகச் செய்த படைப்பின் முதல் உரிமையாளர் அவருடைய முதலாளியே. தாம்தான் அதை ஆக்கியவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு ஆக்கியவருக்குத் தருகிறது. ஆகவே வெளியாகிவிட்ட வேலையை, இன்ன நிறுவனத்துக்காக நான் செய்தது என்று குறிப்பிட்டுக் காட்டுவதற்குப் பெரும்பாலும் யாரும் மறுப்புச் சொல்வதில்லை. என்றாலும் அனுமதியை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இன்னும் வெளிவராத வேலையும், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வேலையும் வேறு. அவற்றைக் கடவுச்சொல் போட்டுக்கூடக் காட்ட வேண்டாம். பழைய முதலாளியின் ரகசியத்தை என்னிடம் காட்டுகிறவர், நாளை என்னுடையதை இன்னொருவரிடம் காட்டுவார் என்றுதான் எனக்குத் தோன்றும். "அந்த வேலையைக் காட்ட இயலாது, ஆனால் அதில் சந்தித்த சிக்கல் எத்தகையது என்று பெயர் குறிப்பிடாமல் சொல்கிறேன்" என்றால் போதும்.

ரெஸ்யூமே

வடிவமைப்பாளர்கள் அதிகமாக அலங்கரிப்பது இதைத்தான், அலங்காரம் மிகக் குறைவாகத் தேவைப்படுவதும் இதற்குத்தான். பெரிய நிறுவனங்களில் மனிதர் பார்ப்பதற்கு முன் மென்பொருள் படிக்கிறது. இலஸ்ட்ரேட்டரில் எழுத்துகளை அவுட்லைனாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி ஏற்றுமதி செய்த பிடிஎஃபில் அந்த மென்பொருளுக்கு ஒரு சொல்லும் அகப்படாது. உங்கள் பிடிஎஃபைத் திறந்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்ட முடிந்தால் சரி.

'ஃபோட்டோஷாப் 85 சதவீதம், இலஸ்ட்ரேட்டர் 70 சதவீதம்' என்று வண்ணப் பட்டைகள் போடாதீர்கள். எதில் எண்பத்தைந்து, யார் அளந்தது? அந்த இடத்தில் அந்த மென்பொருளைக் கொண்டு என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். தந்தை பெயர், திருமண நிலை, பிறந்த தேதி, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன்' என்ற கடைசி வாக்கியம் ஆகியவை அரசுப் படிவங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை; கேட்காதவரை தேவையில்லை. ஐந்தாண்டுக்குக் குறைவான அனுபவமென்றால் ஒரு பக்கம் போதும். கோப்புக்கு 'ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2' என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களும் உண்டு, சிறிய அச்சகங்களில் அதுவே வழக்கம். அங்கே வேலையைப் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்பாகப் போகாது என்பதால், பெரிய தொகுப்பைச் சுட்டியாகவே கொடுத்துவிடுவது நல்லது.

மின்னஞ்சலில் எழுதுவது

'மதிப்பிற்குரிய ஐயா, என் ரெஸ்யூமேவை இணைத்துள்ளேன், தக்க வாய்ப்புத் தருமாறு வேண்டுகிறேன்' என்ற கடிதத்தை ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்பலாம். ஐம்பது பேருக்கும் அது தெரியும். ஐந்து பேருக்கு மட்டும் அனுப்புங்கள், ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் இந்த அளவில் இருக்கட்டும்:

"வணக்கம். தங்கள் பேருந்துப் பதிவுச் செயலியைத் தமிழில் பயன்படுத்தி வருகிறேன். பயண விவரப் பக்கத்தில் திருவண்ணாமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற நீண்ட ஊர்ப்பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவதைக் கவனித்தேன். ஒரு ஸ்கேன் மையத்தின் பக்கத்தைத் தமிழில் அமைத்தபோது இதைப் போன்ற சிக்கலைச் சந்தித்துத் தீர்த்தேன். அந்த வேலையின் சுட்டி கீழே உள்ளது. வடிவமைப்பாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். அடுத்த வாரம் எந்த நாளிலும் பேச இயலும்."

இதில் புகழ்ச்சியும் இல்லை, கெஞ்சலும் இல்லை. குறை சொல்லியிருந்தாலும் குத்திக்காட்டவில்லை. 'உங்கள் செயலி மிக மோசமாக உள்ளது, என்னால் சரிசெய்ய முடியும்' என்று தொடங்கும் கடிதங்களும் வருகின்றன. அந்தச் செயலியை வடிவமைத்தவர்தான் அநேகமாக அதைப் படித்துக்கொண்டிருப்பார்.

பத்து நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதன்பிறகு விட்டுவிடுங்கள்.

நேர்காணலில் 'நான்' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்

நம் ஊர் இளைஞர்கள் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். தற்பெருமை கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் தனியாக உட்கார்ந்து மூன்று இரவு கண்விழித்துச் செய்த வேலையைப் பற்றியும் "இப்படிச் செய்யப்பட்டது" என்று யாரோ செய்ததுபோல் சொல்கிறோம், அல்லது "நாங்கள் செய்தோம்" என்று கூட்டத்துக்குள் மறைந்துகொள்கிறோம். கேட்பவருக்கு, இவர் அந்த வேலையில் இருந்தாரா இல்லையா என்றே சந்தேகம் வருகிறது. கற்றவன் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது தகாது என்று சொல்லும் நன்னூலே, நான்கு இடங்களில் அது தகும் என்று விலக்கும் தருகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியிருக்கும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. விண்ணப்பக் கடிதம் முதலாவது. உங்களை அறியாத மூன்று பேர் எதிரில் அமர்ந்திருக்கும் நேர்காணல் இரண்டாவதும் மூன்றாவதும். உங்கள் வேலையை அவர்கள் குறை சொல்லத் தொடங்கினால் நான்காவதும் வந்துவிடுகிறது. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அனுமதி கொடுத்துவிட்ட பிறகு நமக்கு என்ன தயக்கம்?

தாம் செய்ததை 'நான்' என்றும், குழு செய்ததை 'நாங்கள்' என்றும் பிரித்துச் சொல்வது பெருமையடிப்பது ஆகாது. அது தகவல். "ஆய்வுக்கு நாங்கள் மூவர் போனோம், கேள்விகளை நான் எழுதினேன், திரைகளை நானும் இன்னொருவரும் பிரித்துக்கொண்டோம்" என்று சொல்லிப் பழகுங்கள். வீட்டில் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். 'செய்யப்பட்டது' எத்தனை முறை வருகிறது என்று உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

எல்லா வேலைகளையும் காட்ட நேரம் இருக்காது. இரண்டை மட்டும் ஆழமாகப் பேசத் தயார்செய்துகொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். 'இந்த நீலம் ஏன்?' என்ற கேள்வி நிச்சயம் வரும். "நீலம் நம்பிக்கையின் நிறம்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. "வாடிக்கையாளரின் பழைய பலகைகள் நீலத்தில் இருந்தன, அவற்றை மாற்ற அவரிடம் பணம் இல்லை, அந்த நீலத்தின் மீது வெள்ளை எழுத்துக்கு வாசிக்கத் தேவையான 4.5-க்கு 1 என்ற குறைந்தபட்ச ஒளி வேறுபாடு கிடைக்கவில்லை என்பதால் சற்றே அடர்த்தியாக்கினேன்" என்று ஒருவர் சொன்னார். பணம், இருப்பதை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம், வாசிக்க முடிவது ஆகிய மூன்றும் அந்தப் பதிலில் இருந்தன.

உங்கள் வேலையில் குறை சொன்னால் உடனே மறுக்கவும் வேண்டாம், "ஆமாம் சார், மாற்றிவிடுகிறேன்" என்று உடனே பணியவும் வேண்டாம். சில நேரங்களில் வேண்டுமென்றே குறை சொல்லிப் பார்ப்போம். "நீங்கள் சொல்வது எந்தப் பயனருக்கு இடைஞ்சலாக இருக்கும்?" என்று திருப்பிக் கேட்பவரோடு நாளை உட்கார்ந்து வேலை செய்ய முடியும். ஆங்கிலத்தில் சரளமாக வராவிட்டால், "இதைத் தமிழில் விளக்கலாமா?" என்று கேளுங்கள். சென்னையிலும் கோவையிலும் பெரும்பாலான இடங்களில் சரி என்பார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலையென்றால் மட்டும் ஆங்கிலம் கட்டாயமாகும். அங்கேயும் இலக்கணத்தைவிட நிதானம்தான் கவனிக்கப்படுகிறது.

இணையவழி நேர்காணலாக இருந்தால், திரையைப் பகிர்வதற்கு முன் வாட்ஸ்அப் அறிவிப்புகளை அணைத்து வையுங்கள். இணையம் நின்றுபோனால் காட்டுவதற்கு ஒரு பிடிஎஃபைக் கணினியிலேயே வைத்திருங்கள்.

சோதனை வேலை

நேர்காணலோடு ஒரு சோதனை வேலை கொடுப்பது இப்போது சாதாரணம். மூன்று, நான்கு மணி நேரத்தில் முடியக்கூடிய கற்பனையான சிக்கல் என்றால் செய்யலாம். 'எங்கள் புதிய கிளைக்கு லோகோ, பலகை, விசிட்டிங் கார்டு எல்லாம் செய்து மூலக் கோப்போடு அனுப்புங்கள்' என்றால் அது சோதனை அல்ல, இலவச வேலை. என் இருபத்து மூன்றாவது வயதில் அப்படி ஒரு கடைக்கு முழுத் தொகுப்பையும் செய்து கொடுத்தேன், வேலை கிடைக்கவில்லை. சில மாதம் கழித்துப் பேருந்தில் போகும்போது என் எழுத்தமைப்பு அவர்கள் பலகையில் எரிந்துகொண்டிருந்தது. ஆகவே கேட்டுவிடுங்கள்: "இது எவ்வளவு நேர வேலை என்று எதிர்பார்க்கிறீர்கள்? நீங்கள் இதைப் பயன்படுத்தப்போவதாக இருந்தால் கட்டணம் என்ன?" மரியாதையாகக் கேட்டால் நல்ல நிறுவனம் கோபப்படாது. அனுப்பும்போது மூலக் கோப்பைத் தராமல், குறைந்த தெளிவுள்ள பிடிஎஃபாக அனுப்புங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று எந்தப் பெயரில் உங்களிடம் பணம் கேட்டாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சம்பளப் பேச்சு

எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு "கம்பெனி கொடுப்பதைக் கொடுங்கள்" என்பது பணிவாகத் தெரியலாம், ஆனால் தம் வேலைக்கு விலை சொல்லத் தெரியாதவர் என்றும் அதற்குப் பொருள் உண்டு. எங்கள் வாடிக்கையாளரிடம் விலை பேசுவதும் நாளை அவர் வேலைதானே! ஒரு தொகையைச் சொல்லுங்கள், சிடிசியாக (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகையாக) சொல்கிறீர்களா கைக்கு வருவதாகச் சொல்கிறீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சிடிசி என்றால் மாதம் 30,000 என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டு வாடகை பேசிவிடுகிறார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், முதலாளி கட்டும் பிஎஃப் 12 சதவீதமாக 1,800 ரூபாயும், கிராஜுவிட்டிக்கென்று (பணிக்கொடைக்கு) 4.81 சதவீதமாக ஏறக்குறைய 720 ரூபாயும் சிடிசிக்குள்ளேயே அடங்கிவிடலாம். உங்கள் பங்கு பிஎஃப் 1,800 தனியாகப் பிடிக்கப்படும். தொழில்வரியும் போகக் கையில் வருவது ஏறக்குறைய 25,500 ரூபாய். சம்பளப் பிரிவினைத் தாளைக் கேட்டு வாங்கி, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். விலகல் அறிவிப்புக் காலம் 30 நாளா, 90 நாளா என்பதையும் அதே தாளோடு கேளுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். 'இரண்டு வருடம் எங்களிடம் இருக்கட்டும்' என்றால் கொடுக்காதீர்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கிவிடுங்கள்: தேதி, என்ன கேட்டார்கள், நான் எதை முடிவு செய்தேன், பிறகு என்ன ஆயிற்று. மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். அடுத்த முறை வேலை தேடும்போது போர்ட்ஃபோலியோவை அதிலிருந்து எழுதிவிடலாம். வெளியான வேலைகளின் பிடிஎஃபையும், அச்சானவற்றில் இரண்டு பிரதிகளையும், அனுமதி கேட்டு எடுத்து வையுங்கள். மதுரையில் நான் செய்த மூன்று ஆண்டு வேலையில் இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு சிடியும் அதில் நாற்பது பேஜ்மேக்கர் கோப்புகளும்தான். அவற்றைத் திறக்க மென்பொருளும் இல்லை, அந்த எழுத்துருக்களும் இல்லை.